சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்கள்

மே 4

இந்த டைரி ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. ஊரில் யார் செத்தாலும் எங்களுக்குத்தான் முதலில் போன் வரும் என்பதால் எங்களோடு சிநேகமாக இருக்கிறார். போன வருடத்து டைரி, கிழமையெல்லாம் தப்பு. பரவாயில்லை. எங்கள் வீட்டில் எதுவும் கிழமை பார்த்து நடப்பதில்லை.

பெயர் அருஞ்சுனை. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா என்பது பேச்சுக்குச் சொல்வது. பிணத்தை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். தலைமாட்டை அப்பா பிடிப்பார், கால்மாட்டை நான் பிடிப்பேன். அருப்புக்கோட்டையில் கால்வாசிப் பேர் வீட்டு நடையில் நான் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

வேனில் 'பாக்கியம் ஐஸ் பெட்டி' என்று எழுதியிருக்கும். பாக்கியம் என் அம்மா. ராசியான பேர் என்று அப்பாதான் வைத்தார். "பொணப் பெட்டிக்கு என்னங்க ராசி வேண்டிக் கெடக்கு? ராசி நல்லாருந்தா நமக்கு யாவாரம் ஆகாதே" என்று அம்மா கேட்டாளாம். நியாயமான கேள்வி.

பெட்டி மொத்தம் இரண்டு. ஒன்றுதான் வெளியே போகிறது. இன்னொன்று பின்னறையில் கிடக்கிறது. ரிப்பேர்.

மே 6

வீட்டில் இருந்த எலி மருந்தையெல்லாம் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். எலித் தொல்லை குறைந்துவிட்டது.

மே 7

அடுக்களையில் எலி.

மே 9

ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க். அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் படித்தார். "நல்லாருக்குடா" என்றார். பிறகு அதே குரலில், "ஸ்டெபிலைசர்ல ஒயர் லூசா இருக்கு, பாத்துக்க" என்றார்.

அப்பா பெயர் தவசிலிங்கம். குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். குடித்தாலாவது இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். மார்கழியில் அம்மா போனதிலிருந்து வீட்டில் அவர் முழுதாக ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நான் வைக்கிற குழம்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தாடி வளர்ந்து கிடக்கிறது. போன் வந்தால் எடுப்பார். அந்தப் பக்கம் யாராவது, "பாக்கியம் இருக்கா?" என்று கேட்பார்கள். பெட்டியைத்தான் கேட்கிறார்கள். இருபது வருடமாக அப்படித்தான் கேட்கிறார்கள். இப்போது அப்பா போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். "இருக்கு, எந்தத் தெரு?" என்று நான் கேட்கிறேன்.

மே 10

கொல்லைக் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டாயிற்று. பூனை விழுந்துவிடும் என்று வெல்டரிடம் சொன்னேன். பூட்டும் வைக்கச் சொன்னேன். பூனைக்கு எதற்குத் தம்பி பூட்டு என்று கேட்டார். வேலையைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனிதர்.

மே 11

அக்கினி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கிறது. மதியம் மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தால் அப்பாவைக் காணோம். செருப்பு வாசலில் கிடந்தது. பின்னறையில் மோட்டார் ஓடுகிற சத்தம்.

போய்ப் பார்த்தால் ரிப்பேர்ப் பெட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா. கண்ணாடி மூடியைக்கூட உள்ளிருந்தே இழுத்து மூடியிருந்தார். ஒரு கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள் யாரும் கையை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

மூடியைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, உடையவில்லை.

"என்னப்பா பண்றீங்க!"

"கூலிங் செக் பண்ணேன்டா."

"உள்ள படுத்தா?"

"வெக்கையா இருந்துச்சு."

எனக்கு வந்ததே ஆத்திரம். மூச்சு முட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அறிவு இருக்கிறதா, இன்னும் என்னென்னவோ கத்தினேன். அப்பா எழுந்து உட்கார்ந்து, "மெதுவா கத்துடா. நம்ம வீட்ல ஏதோ ஆகிப்போச்சுன்னு தெருவே ஓடியாந்துரும்" என்றார்.

"வரட்டுமே. பெட்டிக்கு அலைய வேண்டியதில்ல. நீங்கதான் ரெடியா வச்சிருக்கீங்களே!"

அப்பா சிரித்துவிட்டார். மார்கழிக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வெளியே போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தப் பெட்டி ஒயரிலிருந்த பிளக்கைக் கழற்றி டிரவுசர் பையில் போட்டுக்கொண்டேன். பழைய பிளக், ஷாக் அடிக்கும்.

மே 12

பிளக் தொடையில் குத்துகிறது. படுக்கும்போதும் பையில்தான் இருக்கிறது.

மே 15

இன்று நான் செய்த காரியத்தை எழுதவே கூசுகிறது.

செக்கு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். நேற்று பெட்டி இறக்கினோம். இன்று எடுத்த பிறகு பெட்டியைத் திரும்ப ஏற்றப் போனோம். கொட்டகைக்குள் புழுக்கம், ராத்திரி தூக்கமில்லை, காலையிலிருந்து ஒரு டீதான். பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டியானதும் பெரியவரின் மூத்த மகன் குருவையா அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

"போயிட்டு வாரோம் அண்ணாச்சி."

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்களோ அந்த வீட்டுக்கு மறுபடி வந்தால் எதற்கு வருவோம் என்று ஊருக்கே தெரிந்தவர்கள். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். பெட்டியைத் தூக்கு, வாயை மூடு, வண்டியில் ஏறு.

ஒரு அம்மா வாயில் வைத்த டீயைக் கீழே வைத்தார். குருவையா அண்ணாச்சி, "எலே, என்ன சொன்னே?" என்று மேலே வந்துவிட்டார். அப்பா நடுவில் புகுந்து, "சின்னப்பய அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அப்பா இன்னொருத்தரைக் கும்பிடும்படி ஆயிற்று.

மே 16

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "விடுடா. யாருக்கும் வாய் தவறும்" என்றார். அதோடு சரி.

மே 19

சித்தப்பா போன் செய்தார். "அப்பன் எப்படிடா இருக்கான்? ஒரு கண்ணு வச்சுக்கிறேல்ல?"

வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணையும் வைத்திருக்கிறேன். இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். வைத்தபிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நான் நடந்தேன். சித்தப்பா, மாமா, எல்லாரும் நடந்தார்கள். அப்பா மட்டும் நின்றார். திரும்பினார். பிறகு, தினமும் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"பாக்கியம், போயிட்டு வாரேன்."

சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தி, "அப்பனை ஒரு கண்ணு வச்சுக்கடா" என்றார். செத்தவளிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவரை நான் ஐந்து மாதமாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா அந்த ரெண்டாவது பெட்டிக்குள்தான் கிடந்தாள். அது ரிப்பேரும் இல்லை ஒன்றும் இல்லை. அப்பா வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

மே 22

நாகப்பட்டினத்தில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனைப் பற்றி நாலு வருடம் படிக்கலாம். ஹாஸ்டல் உண்டு. எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கே லாரி வர வேண்டும், கடலுக்கு எங்கே போவது? அதனால்தானோ என்னவோ எனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் மேல் பைத்தியம். அப்பாவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"மீனா? பிடிச்ச மீன என்ன பண்ணுவாக?"

"ஐஸ் பெட்டில வைப்பாங்கப்பா."

"அங்கிட்டுப் போயும் ஐஸ் பெட்டிதானா?"

அப்புறம், "போடு. அப்ளிகேசன் போடு" என்றார். உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. என்னை அனுப்பிவிட்டு என்ன செய்யப் போகிறார்?

மே 23

அப்ளிகேஷன் போடவில்லை. நெட் வேலை செய்யவில்லை.

மே 25

நெட் வேலை செய்தது. ஆனாலும் போடவில்லை.

மே 27

அப்பாவே என்னை கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். போட்டாயிற்று. சென்டர் பையன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "யாருக்கு என்னாச்சு அண்ணாச்சி?" என்றான். நாங்கள் எங்கே போனாலும் இதே கதைதான்.

மே 30

செக்கு வீட்டில் இன்று பதினாறாம் நாள் விசேஷம். பந்தல் போட்டு, ஐயரை வைத்து, அண்டாவில் பாயசம் இறக்குகிற நேரத்தில் பெரியவரின் சம்சாரம் நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் குருவையா அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். நேரே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"சொல்லிட்டுல்ல வந்தே, போயிட்டு வாரோம்னு! எங்காத்தா போயிட்டாடா! ஒன் வாயில கொள்ளிய வைக்க!"

உலுக்கினார். பித்தான் தெறித்தது. பிறகு சட்டையை விடாமலே மூச்சு வாங்கிக்கொண்டு, "பெட்டி இருக்கா?" என்றார்.

எங்கள் ஓடுகிற பெட்டி பாலையம்பட்டியில் இருந்தது. ஊரில் இருக்கிற இன்னொருத்தர் பெட்டி திருச்சுழி போயிருந்தது. விருதுநகரில் கேட்டால் சாயங்காலம்தான் வரும் என்றார்களாம். வெயிலோ நூற்றுப் பத்து டிகிரி. அந்த அம்மாவின் மகள் துபாயிலிருந்து நாளைக்குத்தான் வர முடியும்.

"இன்னொண்ணு வச்சிருக்கீகல்ல? பின்னறைல?"

"அது ரிப்பேரு" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, எங்காத்தாள அப்படியே வெறுந்தரைல போட முடியுமா? நீங்களே சொல்லுங்க." அவர் குரல் உடைந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்திருந்த கையாலேயே கண்ணைத் துடைத்தார், என் சட்டையும் சேர்ந்து மேலே போனது.

அப்பா பின்னறைக் கதவைத் திறந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "அருஞ்சுனை, அந்தப் பிளக்கக் கொண்டா" என்றார்.

பத்தொன்பது நாளாக அது என் பையில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெட்டியைத் துடைக்க நான்தான் குனிந்தேன். உள்ளே ஏதாவது கிடக்கும் என்று நினைத்தேன், ஒரு பூவிதழ், ஒரு கொண்டை ஊசி. ஒன்றுமே இல்லை. தினமும் துடைத்திருக்கிறார். தலைமாட்டை அப்பா பிடித்தார், கால்மாட்டை நான் பிடித்தேன். அந்தப் பெட்டி இவ்வளவு கனக்கும் என்று எனக்கு ஞாபகமில்லை.

செக்கு வீட்டில் நாங்கள் இறக்கி, ஒயர் இழுத்து, கூலிங் ஏறும்வரை ஒரு பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது என் தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "வாயப் பொத்திக்கிட்டுப் போயிரு ராசா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

பொத்திக்கொண்டே வண்டி ஏறினேன்.

மே 31

சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அப்பாதான் வேனை ஓட்டினார். சொக்கலிங்கபுரம் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"அப்பா."

"ம்."

"என் வாயாலதான் அந்தம்மா செத்தாங்களா?"

"லூசுப்பய. அந்தம்மாவுக்கு நாலு வருசமா நெஞ்சு வலி. வார்த்தைக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா நான் ஒங்கம்மாவ எந்திரின்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"அப்ப நீங்க சொன்னது?"

"என்ன சொன்னேன்?"

"சுடுகாட்டுல. அம்மாகிட்ட. போயிட்டு வாரேன்னு."

அப்பா கியரை மாற்றினார். "அதுக்குத்தான் கெணத்துக்கு மூடி போட்டியா?"

"பூனை விழுந்துரும்னு..."

"நம்ம தெருவுல ஏதுடா பூனை?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பின்னால் பெட்டி காலியாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பு நின்றதும் அப்பா வேனை ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"வாய் தவறிருச்சுடா. சாவு வீட்ல வாயவே தொறக்க மாட்டேன்ல? அதச் சேத்து வச்சு ஒங்கம்மாகிட்டச் சொல்லுவேன். வீட்ட விட்டு எறங்கும்போதெல்லாம், பாக்கியம், போயிட்டு வாரேன். இருவது வருசம். அவ பக்கத்துல நின்னா வேற என்ன வரும் என் வாயில? வந்துருச்சு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"இருந்துச்சு. சொன்னதுக்கப்புறம், சொல்லிட்டமே, போயிரணுமோன்னு இருந்துச்சு. காத்துக்கிட்டு இருப்பாளேன்னு. அன்னைக்குப் பெட்டிக்குள்ள படுத்து அதத்தான் யோசிச்சேன்."

"இப்ப?"

"உள்ள குளிருதுடா. அப்படியொரு குளிரு. அவளுக்கு மார்கழிக் குளிரே ஆகாது. எப்படித்தான் கெடந்தாளோ..."

அப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அம்மா செத்த அன்று அழவில்லை. அன்று முழுக்க ஸ்டெபிலைசரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் இன்று அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகில் கை வைத்தேன். பனியன் முழுக்க வேர்வை. பிறகு அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நான் வேனை எடுத்தேன். எனக்கு லைசென்ஸும் கிடையாது, ஓட்டவும் சரியாகத் தெரியாது. ரெண்டாவது கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

'இப்ப?' என்று நான் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 1

அப்பா ஐந்து இட்லி சாப்பிட்டார். கடை இட்லி.

ஜூன் 14

இரண்டு பெட்டியும் வெளியே போகிறது. "பாக்கியம் இருக்கா?" என்று ஒரு போன். அப்பா எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கு, எந்தத் தெரு?" என்றார். நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லதாகப் போயிற்று.

ஜூலை 9

சீட் கிடைத்துவிட்டது. சித்தப்பா போனில், "அப்பன விட்டுட்டாடா போறே?" என்றார். அப்பா போனை வாங்கி, "நான் என்ன கைப்பிள்ளையா? அவன் போகட்டும்" என்று வைத்துவிட்டார். வைத்த போனை மறுபடி எடுத்து, கட் ஆகிவிட்டதா என்று பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 20

பெட்டி தூக்க கட்டங்குடியிலிருந்து ஒரு ஆள் வருகிறார். கால்மாட்டைப் பிடிக்கச் சொன்னால் தலைமாட்டுக்கு ஓடுகிறார். அப்பா அவரைத் திட்டுகிற திட்டைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 27

நாளைக்குக் கிளம்ப வேண்டும். துணி மடித்தேன். கிணற்று மூடிச் சாவி ரொம்ப நாளாக என் அரைஞாணில் கிடந்தது. அவிழ்த்து அடுக்களை ஆணியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினேன். எல்லார் என்றால் அப்பாதான். பார்த்தார்.

ஜூலை 28, பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. ரோடு அப்படி.

காலையில் அப்பா தாடியை மழித்திருந்தார். முகம் சின்னதாக, வேறு யாரோ மாதிரி இருந்தது. டிரங்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்து, "நான் தலைமாட்ட..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் அதை வழக்கப்படியே அசைக்காமல், சத்தமில்லாமல் இறக்கினோம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

மதுரை பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினோம். நான் கையைத் துடைத்துக்கொண்டேன், ஏறினேன், உட்கார்ந்தேன். அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். பஸ் நகர்ந்தது. எல்லாம் ஒழுங்காக முடிந்த மாதிரிதான் இருந்தது.

ஸ்டாண்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் பஸ் தகரத்தை யாரோ படபடவென்று தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"நிறுத்து! நிறுத்துங்கய்யா!"

டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் தலையை நீட்டினார். "என்ன பெரிசு? எதையும் விட்டுட்டானா?"

"சொல்லாமப் போறான்யா அவன்!"

"என்னத்தச் சொல்லாம?"

அப்பா ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இது சாவு வீடா? சொல்லுடா."

பஸ்ஸே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாரேன்ப்பா."

அப்பா தலையாட்டினார். கம்பியை விடவில்லை.

"வா. நான் இருப்பேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்பா கையை எடுத்துக்கொண்டார். திரும்பி நடக்கவில்லை, பஸ் வளைகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளிநாடா தம்பி?" என்று கேட்டார்.

"நாகப்பட்டினம்" என்றேன்.